பிள்ளை காதில் விழுந்த முதல் வார்த்தை

வியாகுலம்மாள் வாயைத் திறந்தால் அக்கம்பக்கத்தில் கதவைச் சாத்துவார்கள். கெட்டவள் என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பாள். கஞ்சியை நீட்டும்போதுதான் வம்பு. "குடிச்சித் தொலை மூதி, கண்ணு ரெண்டும் குழியில போய்க் கெடக்கு பாரு" என்பாள். காய்ச்சல்காரி கஞ்சியைத் தொடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இவளுக்கு ஒன்றும் விளங்காது. தூக்குப்பாத்திரத்தோடு திரும்பி வந்து, "எதுக்கு மூஞ்சத் திருப்புதா?" என்று புருஷனிடம் கேட்பாள்.

புருஷன் சவரிராயன் எழுபத்தொன்றாம் வருஷம் அவளைத் தெற்கே கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து கட்டிக்கொண்டு வந்தான். திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. குடியிருப்பு முழுக்க வரிசை வீடுகள். ஒரு வீட்டில் கோயமுத்தூர், அடுத்த வீட்டில் மதுரை, அதற்கடுத்து நாகர்கோவில் என்று தமிழ்நாட்டையே மடித்து அங்கே வைத்திருந்தார்கள். எல்லாரும் பேசுவது தமிழ்தான். ஆனால் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் ஏற நாளாகும்.

பக்கத்து வீடு அற்புதம்மாளுடையது. திருச்சியிலேயே பிறந்து வளர்ந்தவள். தன் ஏழு வயதுப் பையன் லூர்துவையே "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறவள். வந்த புதிதில் வியாகுலம்மாள் அதைக் கேலி என்றே நினைத்தாள். பெற்ற பிள்ளையிடம் கலெக்டரிடம் பேசுவதுபோல் யாராவது பேசுவார்களா? அவள் ஊரில் அப்படிப் பேசினால் பிள்ளை ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டது என்று பொருள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த கையோடு சாளை மீன் வறுத்தாள். வாசலில் லூர்து நின்றான். இரண்டு துண்டை எடுத்து அவன் கையில் வைத்து, "இந்தா சவத்த மூதி, தின்னு" என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் இருந்த வாஞ்சையைப் பார்த்திருந்தால் மாதாவே இறங்கி வந்து ஒரு துண்டு கேட்டிருப்பாள். ஆனால் அற்புதம்மாள் காதில் விழுந்தது வார்த்தை மட்டும்தான். மீனைப் பையன் கையிலிருந்து பிடுங்கித் தட்டில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"ஏங்க, எம் புள்ள உசுரோட இருக்கறது உங்களுக்குப் புடிக்கலைங்களா?"

வியாகுலம்மாள் பேயறைந்த மாதிரி நின்றாள். அவளுக்கு அது ஒரு வசவே இல்லை. அவள் அம்மா அவளை அப்படித்தான் கூப்பிட்டாள். மீன்காரி கூப்பிட்டாள், சித்திமார் கூப்பிட்டார்கள். என்றைக்காவது அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் இவள் கதவுக்குப் பின்னால் ஒளிவாள், இன்றைக்கு அடி நிச்சயம் என்று.

அடுத்து அதிர்ச்சி அடைவது அவள் முறையாயிற்று. தண்ணீர்க் குழாயடியில் எல்லாரும் நின்றிருந்தபோது லூர்து தொட்டிச் சுவரில் ஏறிவிட்டான். அற்புதம்மாள் கீழே நின்று கத்தினாள். "கழிச்சல்ல போறவனே, எறங்குடா! விழுந்து தொலைக்கப் போற!"

வியாகுலம்மாளின் கையிலிருந்து குடம் நழுவியது. அவள் சிறுமியாக இருந்தபோது வயிற்றாலே போகிற கழிச்சல் நோய் வந்து கடற்கரைத் தெரு ஒன்று அப்படியே காலியானதைக் கண்ணால் பார்த்தவள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பையனோ சிரித்துக்கொண்டே இறங்கி ஓடினான்.

"ஏக்கா, பெத்த வாயால அப்படிச் சொல்லலாமா? அந்த நோயி வந்தா என்ன ஆவும்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"அது சும்மா வாய்ல வர்றதுங்க. அதுக்கெல்லாம் போயி அர்த்தம் பாப்பாங்களா?"

"அப்ப நான் சொன்னதும் சும்மாதான?"

"அது வேறங்க, இது வேற" என்றாள் அற்புதம்மாள்.

இந்த ‘அது வேற, இது வேற’ வழக்கை எந்தக் கோர்ட்டும் தீர்த்து வைத்ததாகத் தெரியவில்லை. தன் ஊர் வசவு தேனாகவும் அடுத்த ஊர் வசவு திராவகமாகவும் இருப்பது எல்லா ஊருக்கும் பொது. இவர்கள் இருவரும் அதோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

சவரிராயன் துவாக்குடியிலிருந்து சைக்கிளில் வரும்போது லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மகள் அல்போன்சா அப்போது கைக்குழந்தை. பங்குச் சாமியார் ஒருவர் சொல்லி ஸ்ரீரங்கத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. அம்மா மண்டபம் போகிற வழியில், டாக்டர் அகிலாண்டம் என்பவர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. பின்பக்கம் துணி உலர்த்துகிற முற்றத்தை ஒட்டி ஓர் அறையும் கொடுத்தார்கள். வேலை போனால் கூரையும் போகும். தாய்க்கும் மகளுக்கும் உலகத்தில் வேறு இடம் கிடையாது. இது வியாகுலம்மாளுக்கு நன்றாகவே தெரியும்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. வலியில் கத்துகிறவர்களின் இடுப்பை அவள் தேய்த்துவிட்டால் கத்தல் பாதியாகும். பிறந்த பிள்ளையை டாக்டர் கையிலிருந்து வாங்கித் துடைப்பதும் அவள்தான். வாங்கியதும் அதன் முகத்தைப் பார்த்து, "ஏ சவமே, வந்துட்டியா! ஒன் மூஞ்சியும் மொகரையும்! சவத்த மூதி!" என்பாள். இது வாய்தவறி வருவதில்லை. அவள் ஊரில் பிள்ளையை வாங்குகிற பெண் இதைச் செய்தே ஆக வேண்டும். பிள்ளையின் காதில் விழுகிற முதல் வார்த்தை அசிங்கமானதாக இருக்க வேண்டும். அழகு என்றோ ராசா என்றோ யாராவது சொல்லிவிட்டால் அங்கே கிழவிகள் செருப்பை எடுப்பார்கள்.

லால்குடியிலிருந்தும் மண்ணச்சநல்லூரிலிருந்தும் வருகிற பெண்கள் அந்த நேரத்து அயர்ச்சியில் இதைக் கண்டுகொள்ளவில்லை. சிலர் சிரித்தார்கள். டாக்டர் அகிலாண்டம் மட்டும் ஒருமுறை, "வியாகுலம், இது ஸ்ரீரங்கம். வாயைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்தார். சரி டாக்டரம்மா என்று தலையை ஆட்டினாள். அடுத்த பிள்ளைக்கும் அதையேதான் சொன்னாள். சொல்லாமல் விட்டு அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

எழுபத்தேழில் காவிரியில் பெருவெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம் உத்தர வீதியிலிருந்து கோமளவல்லி வந்தாள். பாங்கில் வேலை பார்க்கிற தேசிகனின் மனைவி. மூன்றாவது பிரசவம். முந்தின இரண்டும் தங்கவில்லை. ஒன்று பிறக்கும்போதே போயிற்று, இன்னொன்று நாற்பது நாளைக்கூடப் பார்க்கவில்லை. இந்த முறை அந்த வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட இல்லை என்று டாக்டர் சொன்னார். வலி எடுத்த நேரம் முழுக்கக் கோமளவல்லி ‘ரங்கா, ரங்கா’ என்பதைத் தவிர வேறு சொல் சொல்லவில்லை. வியாகுலம்மாளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆண் பிள்ளை. பிறந்த வேகத்தில் வீல் என்று கத்தியது. டாக்டர் தூக்கிக் கொடுத்தார். வியாகுலம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. இரண்டைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த பிள்ளை, இதற்குக் காவல் கூடுதலாக வேண்டும் என்று மனசு சொன்னது. வழக்கத்தைவிட உரக்கச் சொன்னாள்.

"ஏ சவமே! வந்துட்டியா! சவத்த மூதி!"

"சொல்லாதேங்கோ!"

அப்படி ஓர் அலறலை அந்த அறை அதற்கு முன்னால் கேட்டதில்லை. நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை, கோமளவல்லி மேஜையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையைப் பிடுங்குவதுபோல் கையை நீட்டினாள். "சொல்லாதேங்கோ! அந்த வார்த்தையைச் சொல்லாதேங்கோ! என் கொழந்தையைக் குடுத்துடுங்கோ!" நர்ஸும் டாக்டரும் சேர்ந்து அவளை அமுக்கிப் படுக்க வைப்பதற்குள் ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்துவிட்டது. வெளியே நின்ற தேசிகன் அலறலைக் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அங்கே இருந்த கோலத்தைப் பார்த்துச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். வியாகுலம்மாள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி மூலையில் நின்றாள். என்ன நடந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை. கையில் பிள்ளை உயிரோடு உதைத்துக்கொண்டிருந்தது.

ரத்தத்தை நிறுத்தி, தாயைத் தேற்றி, டாக்டர் வெளியே வந்தார். எப்போதும் கத்தாத மனுஷி. அன்றைக்கும் கத்தவில்லை.

"அந்தப் பொண்ணு பொழச்சதே பெருசு. இனிமே லேபர் ரூம்ல நீ வாயே தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை என் காதுல விழுந்தா, அன்னைக்கே ரூமைக் காலி பண்ணிக்க."

"டாக்டரம்மா, அது பிள்ள நல்லதுக்குத்தான்…"

"எந்த ஊர்லம்மா பொறந்த புள்ளைய சவம்னு சொல்றது நல்லது?"

எங்கள் ஊரில் என்று சொல்ல வந்தவள் சொல்லவில்லை. முற்றத்துக்குப் போய் ரத்தத் துணிகளை அலசினாள். அழுகை வந்தது. கோபம்தான் அதைவிட அதிகமாக வந்தது. இரண்டு பிள்ளையை வாரிக் கொடுத்த வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் காவல் வைத்துக் கொடுத்தால், கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்களே என்று துணியை அடித்துத் துவைத்தாள்.

பாவமன்னிப்புக்குப் போனபோது தெப்பக்குளத்து மாதா கோயிலில் சாமியாரிடமே கேட்டுவிட்டாள். ஒரு வார்த்தை சொன்னேன் சாமி, அது பாவமா? என்ன வார்த்தை என்று அவர் கேட்டார். சொன்னாள். அவர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "யாரைப் பாத்தும்மா அப்படிச் சொன்னீங்க?" என்றார். பொறந்த பிள்ளையைப் பார்த்து என்றதும் நாற்காலி கிறீச்சிட்டது. முழு ஜெபமாலை சொல்லும்படி கட்டளை கொடுத்தார். வியாகுலம்மாள் சொன்னாள். ஆனால் அது பாவம் என்று அவள் மனசு ஒப்பவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பிரசவம் என்றால் முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் கவ்விக்கொள்வாள். அப்படியே பிள்ளையை வாங்குவாள், துடைப்பாள், தாயின் பக்கத்தில் வைப்பாள். பார்ப்பவர்களுக்கு அவள் அழுகிறாளா சிரிப்பை அடக்குகிறாளா என்று தெரியாது. முற்றத்துக்கு வந்து வாயிலிருந்து துணியை விட்ட பிறகு, எச்சில் ஊறிய முந்தானையைப் பிழிந்துகொண்டு, வீட்டுக்குப் போன பிள்ளைகளை நினைத்துப் பயப்படுவாள். காவல் இல்லாமல் எத்தனை பிள்ளைகளை வெளியே அனுப்புகிறோமோ என்று. அல்போன்சா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அவள் பேச்சு முழுக்கத் திருச்சிப் பேச்சு. "அம்மா, நீங்க பேசாம இருந்தாவே நல்லா இருக்கீங்க" என்றது அந்தப் பெண். மகள் தன்னை நீங்க என்று சொல்வது வியாகுலம்மாளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

குழந்தைக்கு ஊசி போடக் கோமளவல்லி வந்தாள். பிள்ளைக்குப் பத்ரி என்று பெயர். கொழுகொழுவென்று இருந்தான். வியாகுலம்மாள் அவளைக் கண்டதும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போகப் பார்த்தாள்.

"ஆயா, இங்க வா" என்றாள் கோமளவல்லி. குரலில் கோபம் இல்லை. கேட்டே ஆக வேண்டும் என்ற பிடிவாதம்தான் இருந்தது. "என் கையை எவ்வளவு ஆதரவாப் பிடிச்சிண்டிருந்தே. அப்பறம் ஏன் அப்படிச் சொன்னே? என் கொழந்தை உன்னை என்ன பண்ணித்து?"

வியாகுலம்மாள் சுற்றிலும் பார்த்தாள். டாக்டர் இல்லை. பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"பிள்ளயக் கூட்டிட்டுப் போறதுக்குன்னே ஒண்ணு வாசல்ல நிக்கும்மா. சத்தம் கேட்டா எட்டிப் பாக்கும். ராசா, தங்கம்னு யாராவது சொன்னா, ஆசப்பட்டு உள்ள வந்துரும். சவம்னு சொன்னா, இது ஏற்கெனவே போனதுதானன்னு திரும்பிப் போயிரும். எங்க ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் சொல்லுவோம். எனக்கும் சொன்னாவ. எம் மவளுக்கு நான்தான் சொன்னேன்."

கோமளவல்லி பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு அசையாமல் கேட்டாள்.

"எங்காத்துல கறிகாயை நறுக்கறதுன்னுகூடச் சொல்ல மாட்டோம். திருத்தறதுன்னுதான் சொல்லுவோம். விளக்கை அணைன்னு சொல்ல மாட்டோம். கெட்ட வார்த்தை காத்துல இருந்தாலே ஆகாதுன்னு" என்றாள். தோளில் கிடந்த பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். "முதல் கொழந்தையைத் துணியில சுத்தி எடுத்துண்டு போறச்சே, வாசல்ல எவனோ அந்த வார்த்தையைச் சொன்னான். ‘சவத்தை இப்படிக் கொண்டா’ன்னு. அதுலேர்ந்து எங்காத்துல அதை யாரும் உச்சரிச்சதில்லே. நீ சொன்னதும் எனக்கு அதான் கேட்டுது."

"தெரியாதும்மா" என்றாள் வியாகுலம்மாள்.

"ரெண்டு கொழந்தையையும் ராஜா, தங்கம்னுதான் கொஞ்சினோம்" என்று சொல்லிவிட்டுக் கோமளவல்லி எழுந்து போனாள்.

அதற்கு அடுத்த வருஷ மார்கழி. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஸ்ரீரங்கத் தீவையே மூழ்கடித்திருந்தது. அம்மா மண்டபம் ரோட்டில் ஒன்றாம் நம்பர் பஸ் நகர வழியில்லாமல் நின்றது. மத்தியானம், அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தேசிகன் பிள்ளையைத் தோளில் போட்டு ஓடிவந்தார். பின்னால் கோமளவல்லி, செருப்பில்லாமல். பத்ரிக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றாலே போகிறதாம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்கவில்லை.

மேஜையில் போட்டார்கள். வியாகுலம்மாளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கழிச்சல். அந்தக் கடற்கரைத் தெருவில் பார்த்த அதே முகம். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. டாக்டர் அகிலாண்டம் குளுக்கோஸ் ஏற்ற ரத்தக் குழாய் தேடினார். கையில் கிடைக்கவில்லை. காலில் தேடினார். பிள்ளை ஊசி குத்தியதற்குக்கூட அழவில்லை. கடைசியில் கணுக்காலில் ஒன்று அகப்பட்டது. பாட்டிலைத் தூக்கி மாட்டினார்கள்.

"ஒண்ணுக்குப் போனானா?" என்று டாக்டர் கேட்டார்.

"காலம்பறலேர்ந்து இல்லை" என்றார் தேசிகன்.

"இனி அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கணும். போனா பொழச்சான்."

போகாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வெளியே ரோட்டில் கோவிந்தா, ரங்கா என்று கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கோமளவல்லி திடீரென்று திரும்பி வியாகுலம்மாளின் முழங்கையைப் பிடித்தாள்.

"நீங்க சொல்லுங்கோ."

"என்னம்மா?"

"அன்னிக்குச் சொன்னேளே. அது வாசல்ல நிக்கறதுன்னேளே. அதைத் திருப்பி அனுப்புங்கோ. நீங்க சொன்ன கொழந்தைதானே இத்தனை நாள் இருந்தான்? இன்னொரு தரம் சொல்லுங்கோ!"

தேசிகன் திகைத்துப் போய்ப் பார்த்தார். ஏகாதசி விரதத்தில் இருக்கிற தன் மனைவி, எந்தச் சொல்லைக் கேட்டு ரத்தம் கொட்டினாளோ அந்தச் சொல்லை ஓர் ஆயாவிடம் பிச்சை கேட்கிறாள். வியாகுலம்மாள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொல்லிடு வியாகுலம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

தடை நீங்கிவிட்டது. இத்தனை காலம் முந்தானையில் கடித்து வைத்திருந்த வார்த்தையை ஊரறியச் சொல்லலாம். வியாகுலம்மாள் மேஜை அருகே போய்க் குனிந்தாள். வாயைத் திறந்தாள்.

பிள்ளை கிடந்த கிடப்பைப் பார்த்தாள். உதைத்துக்கொண்டும் வீறிட்டுக்கொண்டும் வந்த பிள்ளைகளைப் பார்த்துத்தான் அந்த வார்த்தையை அவள் இதுவரை சொல்லியிருக்கிறாள். இது உதைக்கவில்லை. வீறிடவில்லை. சொன்னால் அது வசவாக இருக்காது, கொஞ்சலாகவும் இருக்காது. திறந்த வாயை மூடினாள்.

"முடியலம்மா" என்றாள்.

"சொல்லுங்கோ!"

"எனக்கு வரமாட்டேங்குதும்மா."

கோமளவல்லி அவளைத் தள்ளிவிட்டு மேஜையின் மேல் கவிழ்ந்தாள். பிள்ளையின் காதில் வாயை வைத்தாள். பாசுரம் சொல்லிப் பழகிய வாய், ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக வந்தது.

"சவமே. பத்ரி, நீ சவம்டா. சவம். கேக்கறதா? என் கொழந்தை சவம்…"

வியாகுலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை. அம்மா சொன்னது, ஊர் சொன்னது, தானே ஆயிரம் தடவை சொன்னது. அதை அவள் காது அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கேட்டது. ஒரு தாய் தன் பிள்ளையின் காதில் அதைச் சொல்கிறாள். அதன் பொருள் முழுக்க அந்த அறையில் வந்து நின்றது. எவ்வளவு பயங்கரமான சொல்! இதையா இத்தனை பிள்ளைகளுக்கும் சொன்னோம்? வலி தீராமல் படுத்துக் கிடந்தவளின் காது கேட்கவா சொன்னோம்?

பாய்ந்துபோய்க் கோமளவல்லியின் வாயைப் பொத்தினாள். டெட்டால் வாடை அடிக்கிற கை. மடியும் ஆசாரமும் எங்கே போயிற்றோ, யாருக்கும் நினைவில்லை.

"சொல்லாதீங்கம்மா! அய்யோ, அந்த வார்த்தையச் சொல்லாதீங்க!"

ஒருத்தி கைக்குள் ஒருத்தி திமிறினாள். பிறகு இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். டாக்டர் அவர்களை விலக்கவில்லை. பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அது தீர்ந்து இன்னொன்று மாட்டினார்கள். வெயில் முற்றத்தைத் தாண்டி இறங்கிய நேரத்தில் டாக்டர் பிள்ளையின் அடியில் கையை விட்டுப் பார்த்தார். துணி நனைந்திருந்தது.

"போயிட்டான்" என்று சொல்லிவிட்டு, அந்த வார்த்தையைக் கேட்டு மூன்று பேரும் வெளிறிப் போனதைக் கண்டு அவரே பதறினார். "ஒண்ணுக்கு! ஒண்ணுக்குப் போயிட்டான்னு சொன்னேன். இனிமே பயமில்லை."

பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்ட பிறகுதான் கோமளவல்லி பேசினாள். "ஏன் என் வாயைப் பொத்தினேள்? நீங்க சொல்ற வார்த்தைதானே?"

வியாகுலம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"அன்னைக்கி ஒங்களுக்கு எப்பிடி இருந்திச்சுன்னு எனக்கு இப்பந்தாம்மா தெரிஞ்சுது."

அதற்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. டாக்டர் தடையை எடுத்துவிட்டார், ஆனாலும் வரவில்லை. காவல் இல்லாமல் பிள்ளையை அனுப்பவும் மனசில்லை. கொஞ்ச நாள் ‘கருவாடே’ என்று சொல்லிப் பார்த்தாள். உத்தர வீதிப் பெண்கள் அதற்கும் முகம் சுளித்தார்கள். பிறகு ‘கறுப்பி’, ‘சப்பை மூக்கி’ என்று சில்லறை வசவுகளால் சமாளித்தாள். அவை வாசலில் நிற்பதைத் திருப்பி அனுப்புமா என்று அவளுக்கு நிச்சயமில்லை. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்.

எண்பத்து நாலாம் வருஷம், ஒரு சாயங்காலம், உத்தர வீதியில் பிரசவமான ஒரு வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுக்குள்ளே பாத்திரம் உருண்டு விழுகிற சத்தம். கூடவே ஒரு பெண் குரல், பாசுரம் சொல்லிப் பழகிய அதே தெளிந்த குரல், தெருவுக்கே கேட்கும்படி வந்தது.

"பாலைக் கொட்டிட்டியா? சவத்த மூதி! உன்னை என்னடா பண்றது, சவமே!"

எதிர்வீட்டு மாமி கோலப்பொடிக் கிண்ணத்தோடு உறைந்து நின்றாள். தெருவில் போன கோயில் பட்டர் ஒருவர் காதில் விழாததுபோல் வேகமாக நடந்தார். வியாகுலம்மாள் நின்றுவிட்டாள். காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினாள்.

உள்ளே பத்ரி கெக்கெக்கே என்று சிரித்தான். மறுபடியும் ஏதோ உருண்டது. மறுபடியும் அவள் அதையே சொன்னாள், அவன் இன்னும் பலமாகச் சிரித்தான்.

வியாகுலம்மாள் கையை இறக்கிவிட்டு, அந்தச் சிரிப்பு ஓயும்வரை வாசலிலேயே நின்றாள்.